கணக்கில் ஒரு சிப்பாய் லாபம்

சில வாரங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஊருக்கு வெளியே ஒரு பள்ளிக்கூடத்தில் குழந்தைகளுக்கான செஸ் போட்டி. எங்கள் எதிர் ஃப்ளாட் பையன் ஆடுகிறான். ஆறாம் வகுப்பு. 'நீங்களும் வாங்க சார், ஒரு மாறுதலா இருக்கும்' என்று அவன் அப்பா கூப்பிட்டார். போனேன்.

குழந்தைகள் செஸ் போட்டிக்குத் துணைக்குப் போவதைப் போல அலுப்பான காரியம் உலகத்தில் கிடையாது. கிரிக்கெட் என்றால் பார்க்கவாவது செய்யலாம். இங்கே பெற்றோரை ஹாலுக்குள் விட மாட்டார்கள். வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, தயிர் சாத டப்பாவுக்குக் காவல் இருந்துகொண்டு, சாத்திய கதவையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பிரசவ வார்டு வராந்தா மாதிரிதான். கதவு திறக்கும்போதெல்லாம் நாற்பது பேர் எழுந்து நிற்கிறார்கள்.

நாலாவது ரவுண்டு முடிந்து பையன் வந்தான். தோற்றுவிட்டான். ஆனால் முகத்தில் தோற்ற களை இல்லை. 'அங்கிள், கிங்ஸ் கேம்பிட் ஆடினேன்! அவன் ராஜாவை கேஸில் பண்ணவே விடலை. கடைசியில ஒரே ஒரு மூவ்தான் சொதப்பிட்டேன்' என்றான், ஊட்டிக்குப் போய்விட்டு வந்தவன் மாதிரி.

அப்பா பேசவில்லை. அவன் கையிலிருந்த ஸ்கோர் ஷீட்டை வாங்கினார். போனை எடுத்தார். ஒவ்வொரு மூவாகத் தட்டினார். பிறகு போனை என் மூக்குக்கு நேரே நீட்டினார்.

'பாருங்க சார். ரெண்டாவது மூவ்லயே மைனஸ் காட்டுது. ரெண்டாவது மூவ்லயே! தெரிஞ்சே ஒரு சிப்பாயைத் தூக்கிக் குடுத்திருக்கான். டிரா பண்ணியிருந்தாகூட அரை பாயிண்ட் வந்திருக்கும்.'

பின்னாலேயே கோச் வந்தார். 'நான்தான் சொல்லியிருக்கேனே சார், ரேட்டிங் ஏர்ற வரைக்கும் கேம்பிட் கீம்பிட் எல்லாம் வேணாம்னு. அதெல்லாம் சூதாட்டம். இனிமே எஃப் 4 பக்கம் கை போச்சுன்னா கிளாஸுக்கே வராதடா.'

பையன் முகத்தில் அப்போதுதான் தோற்ற களை வந்தது.

இந்த வாரம் இந்தப் பக்கம் முழுக்க அந்த இரண்டு பெரியவர்களுக்கு எதிரானது. பெயர் சொல்ல மாட்டேன். ஒருவர் தினமும் என்னோடு ஒரே லிஃப்ட்டில் இறங்குகிறவர்.

முதலில் என் தகுதியைச் சொல்லிவிடுகிறேன். செஸ்ஸில் எனக்கு ஒரு தகுதியும் இல்லை. நான் படித்தது பி.காம். ஆனால் ஒரு கணக்குப் புத்தகத்தைத் திறந்தால் எது செலவு, எது முதலீடு, எது சும்மா ஒப்புக்கு எழுதிய லாபம் என்று ஓரளவு கண்டுபிடிக்கத் தெரியும். இந்த விவகாரத்துக்கு அது போதும்.

கேம்பிட் என்றால் சூதாட்டம் இல்லை. 'கேம்பிள்' என்ற வார்த்தையோடு அதற்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. காதில் விழும்போது ஒன்று போலக் கேட்கிறது, அவ்வளவுதான். இத்தாலியில் 'காம்பா' என்றால் கால். மல்யுத்தத்தில் எதிராளியின் காலைத் தட்டிவிட்டுச் சாய்ப்பதற்கு 'காம்பெட்டோ' என்று பெயர். ரூய் லோபஸ் என்ற ஸ்பானிஷ் பாதிரியார் 1561இல் செஸ் பற்றி எழுதிய புத்தகத்தில் இந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டார். நம் பாஷையில் சொன்னால் காலை வாரிவிடுவது. ஆரம்பத்திலேயே ஒரு சிப்பாயைக் கொடுக்கிறீர்கள். எதிராளி குனிந்து எடுக்கிறான். அவன் குனிந்திருக்கிற நேரத்தில் உங்கள் காய்கள் வெளியே வந்துவிடுகின்றன. பகடை உருட்டிவிட்டு ஆண்டவனே என்று கண்ணை மூடிக்கொள்கிற சமாசாரம் இல்லை இது. கொடுத்தது என்ன, வாங்கியது என்ன என்று இரண்டு பக்கமும் எழுதிப் பார்க்கிற வியாபாரம்.

கோச் கோபித்துக்கொண்ட அந்த கிங்ஸ் கேம்பிட்டையே எடுத்துக்கொள்வோம். உங்களுக்கு ஒரே ஒரு ஆட்டம் சொல்கிறேன்.

1960. அர்ஜென்டினாவில் மார் டெல் பிளாட்டா என்ற கடற்கரை ஊர். அங்கே ஒரு சர்வதேசப் போட்டி. வெள்ளைக் காய் போரிஸ் ஸ்பாஸ்கி, சோவியத் யூனியன், வயது 23. கறுப்புக் காய் பாபி ஃபிஷர், அமெரிக்கா. அப்போதுதான் 17 முடிந்திருக்கிறது. பன்னிரண்டு வருஷம் கழித்து ஐஸ்லாந்தில் ரெய்க்யவிக் நகரத்தில் இவர்கள் இருவரும் உலக சாம்பியன் பட்டத்துக்கு மோதி உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தார்கள், ஃபிஷர் ஜெயித்தார், அதெல்லாம் உங்களுக்குத் தெரியும். மார் டெல் பிளாட்டாவில் நடந்தது இருவரும் மோதிய முதல் ஆட்டம்.

வெள்ளை ராஜாவின் சிப்பாய் இரண்டு கட்டம். கறுப்பும் அப்படியே. இரண்டாவது மூவில் ஸ்பாஸ்கி பக்கத்திலிருந்த எஃப் சிப்பாயைத் தள்ளி எதிரியின் வாய்க்கு நேரே வைத்தார். எஃப் 4. நம் பையன் கை போகக் கூடாத அதே கட்டம். ஃபிஷர் சாப்பிட்டார். சாப்பிட்டதை ஜீரணிக்க வேண்டுமே? அதைக் காப்பாற்ற ஜி சிப்பாயை இரண்டு கட்டம் கொண்டுவந்து முட்டுக் கொடுத்தார். ஸ்பாஸ்கி ஹெச் சிப்பாயைக் கொண்டுபோய் அந்த முட்டை இடித்தார். ஜி சிப்பாய் இன்னும் ஒரு கட்டம் முன்னே வந்து குதிரையை மிரட்டியது. குதிரை குதித்து எதிரியின் பாதிக்குள் போய் நின்றது.

இதற்குக் கீஸரிட்ஸ்கி கேம்பிட் என்று பெயர். பாவம் கீஸரிட்ஸ்கி. 1851இல் லண்டனில் ஆண்டர்சன் என்பவரிடம் ஓர் ஆட்டம் தோற்றார். ஆண்டர்சன் அந்த ஆட்டத்தில் இரண்டு யானை, ஒரு பிஷப், கடைசியில் ராணி என்று எல்லாவற்றையும் அள்ளிக் கொடுத்துவிட்டு மிச்சமிருந்த சில்லறைக் காய்களால் மேட் வைத்தார். அதுவும் கிங்ஸ் கேம்பிட்தான். 'சாகாவரம் பெற்ற ஆட்டம்' என்று பெயர் வைத்து இன்றைக்கும் கொண்டாடுகிறார்கள். தோற்ற ஆட்டத்தால் உலகப் புகழ் அடைந்த ஒரே மனிதர் அவராகத்தான் இருக்க வேண்டும்.

மார் டெல் பிளாட்டாவுக்கு வருவோம். ஃபிஷர் சாப்பிட்டுக்கொண்டே இருந்தார். நடுவில் நின்ற ராஜாவின் சிப்பாய் போனது. இன்னொன்று. பிறகு இன்னொன்று. ஸ்பாஸ்கியும் ஒன்றிரண்டு வசூல் செய்தார். பதினாறு மூவ் முடிந்தபோது கணக்குப் பார்த்தால் ஃபிஷரிடம் ஆறு சிப்பாய்கள், ஸ்பாஸ்கியிடம் நாலு. இரண்டு சிப்பாய் லாபம். நம் ஃப்ளாட்காரர் அங்கே இருந்திருந்தால் ஃபிஷருக்குக் கை கொடுத்து, ஸ்பாஸ்கியை டியூஷனை விட்டு நிறுத்தியிருப்பார்.

ஆனால் கணக்கின் மறுபக்கத்தைப் பாருங்கள். ஜி சிப்பாய் ஆரம்பத்திலேயே கிளம்பிப் போய் வழியில் செத்துவிட்டது. ஸ்பாஸ்கியின் ராணி ஜி வரிசைக்கு வந்து நேரே முறைத்ததும் எஃப் சிப்பாயையும் நகர்த்த வேண்டியதாயிற்று. கோட்டை கட்டி உள்ளே உட்கார்ந்த கறுப்பு ராஜா, கதவும் இல்லாமல் ஜன்னலும் இல்லாமல் ஒற்றை ஹெச் சிப்பாயை வைத்துக்கொண்டு மூலையில் ஒண்டியிருக்கிறார். எதிரே ஸ்பாஸ்கியின் இரண்டு யானைகளும் திறந்த வரிசைகளில் வந்து நின்றாகிவிட்டது. எஃப் வரிசை ஏன் திறந்திருக்கிறது? இரண்டாவது மூவில் அந்தச் சிப்பாயைக் கொடுத்ததால் திறந்திருக்கிறது. பி.காம் முதல் வருஷத்தில் சொல்லிக்கொடுப்பார்கள், கடைக்கு ஷட்டர் வாங்கிய பணத்தை அன்றாடச் செலவில் எழுதக் கூடாது என்று. அந்தச் சிப்பாய் ஷட்டர் வாங்கிய பணம்.

இங்கே நேர்மையாக ஒன்று சொல்ல வேண்டும். ஃபிஷர் தோற்றே தீர வேண்டிய ஆட்டம் இல்லை அது. நடுவில் அவர் நிலைமை நன்றாகவே இருந்தது. இருபத்தைந்தாவது மூவ் வாக்கில் ராணியைக் கொண்டுபோய்த் தப்பான இடத்தில் வைத்தார். அடுத்த மூவில் யானையையும் தப்பாக நகர்த்தினார். ஸ்பாஸ்கியின் ராணியும் யானைகளும் பலகையின் நட்டநடுவில் வந்து உட்கார்ந்துகொண்டன. இருபத்தொன்பதாவது மூவில் ஒரு யானை எஃப் 4 கட்டத்துக்கு வந்து கறுப்பு ராணியை மிரட்டியது. ஆமாம், அதே எஃப் 4. எந்தக் கட்டத்தில் சிப்பாயைக் கொடுத்தாரோ அந்தக் கட்டத்திலேயே யானையைக் கொண்டுவந்து வைத்து வசூல் செய்தார். ராணி எங்கே ஓடினாலும் பிஷப் போய்விடும். ஃபிஷர் ஆட்டத்தை விட்டுக் கொடுத்தார்.

அவர் எழுந்தபோது பலகையில் என்ன இருந்தது தெரியுமா? இரண்டு பேரிடமும் ராணி. இரண்டு பேரிடமும் இரண்டிரண்டு யானை. ஸ்பாஸ்கியிடம் ஒரு குதிரை, ஃபிஷரிடம் ஒரு பிஷப். மதிப்பில் இரண்டும் ஏறக்குறைய ஒன்று. சிப்பாய்கள்? ஸ்பாஸ்கியிடம் மூன்று. ஃபிஷரிடம் நாலு.

அதாவது தோல்வியை ஒப்புக்கொண்ட அந்த நிமிஷத்திலும் ஃபிஷர் கணக்கில் ஒரு சிப்பாய் லாபத்தில் இருந்தார்! புத்தகத்தில் லாபம், வாசலில் ஜப்தி. நம் ஊரில் இப்படிப்பட்ட கம்பெனிகளின் பேலன்ஸ் ஷீட்டை எத்தனையோ பார்த்திருக்கிறோம்.

அந்தப் போட்டியில் ஆடிய 15 ஆட்டங்களில் ஃபிஷர் தோற்றது இது ஒன்றில்தான். 13½ புள்ளி வாங்கி ஸ்பாஸ்கியோடு முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டார். இருந்தாலும் அந்த ஒரு தோல்வி அவரைத் தூங்க விடவில்லை போலிருக்கிறது. அடுத்த வருஷமே, 1961இல், 'அமெரிக்கன் செஸ் குவார்ட்டர்லி' என்ற பத்திரிகையின் முதல் இதழில் ஒரு கட்டுரை எழுதினார். கிங்ஸ் கேம்பிட் செத்துவிட்டது, அதை ஆடுகிறவன் தோற்றே ஆக வேண்டும் என்று தீர்ப்பு. மருந்தும் எழுதிக் கொடுத்தார்: மூன்றாவது மூவில் ராணிக்கு முன்னால் இருக்கும் சிப்பாயை ஒரே ஒரு கட்டம் நகர்த்து, போதும். நல்ல மருந்துதான். இன்றைக்கும் அதற்கு ஃபிஷர் தற்காப்பு என்றே பெயர்.

உலகம் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டது. எழுதியவர் மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை.

1963-64 அமெரிக்க சாம்பியன்ஷிப். ஃபிஷர் 11 ஆட்டம் ஆடி 11இலும் ஜெயித்த போட்டி. அதில் லாரி எவன்ஸுக்கு எதிராக வெள்ளைக் காய். ராஜாவின் சிப்பாய் இரண்டு கட்டம். எவன்ஸும் அப்படியே. இரண்டாவது மூவில் ஃபிஷர் கை எங்கே போனது? எஃப் 4! தானே சாவுச் சீட்டு எழுதிக் கொடுத்த அதே கிங்ஸ் கேம்பிட். அடுத்த மூவில் குதிரைக்குப் பதில் பிஷப்பைக் கொண்டுவந்து, தான் எழுதிய மருந்து வேலை செய்யாதபடி பார்த்துக்கொண்டார். ஜெயித்தார். எதிரே உட்கார்ந்திருந்த எவன்ஸ் யார் என்றால், அந்தக் கட்டுரையை வெளியிட்ட பத்திரிகையின் ஆசிரியர்! தன் பத்திரிகையில் வந்ததை நம்பும் ஆசிரியர்களுக்கு என்ன கதி என்று நாங்கள் அப்புறம் பேசிக்கொள்கிறோம். 1968இல் யூகோஸ்லாவியாவில் வின்கோவ்சி என்ற ஊரில் நடந்த போட்டியில் இரண்டு பேர் மேல் இதையே பிரயோகித்தார். இரண்டிலும் வெற்றி.

ஆக, ஃபிஷரின் கட்டுரையை மேற்கோள் காட்டி 'கிங்ஸ் கேம்பிட் எப்பவோ முடிஞ்சு போச்சு சார்' என்று சொல்கிற கோச்சுகளிடம் ஒரு விண்ணப்பம். ஃபிஷர் எழுதியதைப் படித்தீர்கள், சரி. அவர் ஆடியதையும் கொஞ்சம் படியுங்கள்.

இப்போது அந்த போன் விஷயத்துக்கு வருகிறேன்.

கம்ப்யூட்டர் மைனஸ் காட்டுகிறதே, அது பொய்யா? பொய் இல்லை. சத்தியமான உண்மை. கிங்ஸ் கேம்பிட் ஆடியவுடன் இன்றைய செஸ் புரோகிராம்கள் வெள்ளைக்கு ஏறக்குறைய அரை சிப்பாய் நஷ்டம் என்று சொல்லும். நான் அதை மறுக்கப் போவதில்லை. கேள்வி வேறு. யாருக்கு அரை சிப்பாய் நஷ்டம்? இரண்டு பக்கமும் இனிமேல் ஒரு தப்புகூடச் செய்யாமல் ஆடப் போகிற இரண்டு மிஷின்களுக்கு. வேப்பமரத்துக்குப் பக்கத்து ஹாலில் உட்கார்ந்திருப்பது இரண்டு மிஷின் இல்லையே? ஒருவன் காலையில் இட்லி சாப்பிட்டது சரியாக ஜீரணிக்காதவன். இன்னொருவனுக்கு ஒண்ணுக்கு வருகிறது, எழுந்து போனால் கடிகாரம் ஓடுமே என்று அடக்கிக்கொண்டிருக்கிறான். அவர்களுக்கு நடுவில் அந்த அரை சிப்பாய்க்கு என்ன மதிப்பு? பத்து மூவ் போனால் ஒருவன் ஒரு முழு யானையை மறந்து வைத்துவிட்டுப் போவான்.

ஃபிஷரே தடுமாறினார் என்பதை மறக்காதீர்கள். அந்த ஆட்டத்தைப் பிற்பாடு தன் 'மை 60 மெமரபிள் கேம்ஸ்' புத்தகத்தில் சேர்த்தார். அறுபதில் தோற்ற ஆட்டங்கள் மூன்றுதான்; அதில் இது ஒன்று. ஸ்பாஸ்கியின் மண்டைக்குள் என்ன ஓடுகிறது என்று துழாவிக்கொண்டிருந்ததில் தான் கோட்டை விட்டதாக அதில் ஒப்புக்கொள்கிறார். எந்தக் கம்ப்யூட்டரும் எதிராளியின் மண்டைக்குள் என்ன ஓடுகிறது என்று கவலைப்பட்டுக் கோட்டை விடுவதில்லை. அந்தக் கவலையைக் கொடுத்ததுதான் ஸ்பாஸ்கி முதலீட்டின் வட்டி. போனில் அது எந்த எண்ணிலும் வராது.

எண் என்று யாராவது சொல்லிவிட்டால் நாம் எவ்வளவு சுலபமாக நம்பிவிடுகிறோம் என்பதற்கு 2012இல் நடந்த ஒரு வேடிக்கை. 'ரிப்கா' என்ற புகழ்பெற்ற செஸ் புரோகிராமை எழுதிய வாசிக் ராஜ்லிக் பேட்டி ஒன்றை செஸ்பேஸ் நிறுவனம் ஏப்ரல் ஆரம்பத்தில் வெளியிட்டது. ஆயிரக்கணக்கான பிராசஸர்களை மாதக்கணக்கில் ஓட்டி கிங்ஸ் கேம்பிட்டை முழுசாகத் தீர்த்தாகிவிட்டது; வெள்ளைக்கு மூன்றாவது மூவில் ஒரே ஒரு வழி தவிர மற்ற எல்லாம் தோல்வி என்று அதில் விவரமாக இருந்தது. படித்தவர்களில் நிறையப் பேர் நம்பிவிட்டார்கள். பிறகு அவர்களே சொன்னார்கள், சும்மா ஏப்ரல் ஃபூல் என்று. கிங்ஸ் கேம்பிட் செத்துப்போன செய்தியை நம்புவதற்கு ஜனங்கள் எப்போதும் தயாராக இருக்கிறார்கள். சவ ஊர்வலத்துக்கு ஆள் சேர்ந்துவிடுகிறது. பாடைதான் காலியாக இருக்கிறது.

செத்ததாகச் சொன்னவை எழுந்து வந்து அடித்த கதை இதோடு முடியவில்லை. நம் விஸ்வநாதன் ஆனந்துக்கே நடந்திருக்கிறது. 1995, ரிகா நகரம், தால் நினைவுப் போட்டி. கேரி காஸ்பரோவ் வெள்ளை. எவன்ஸ் கேம்பிட் ஆடினார். (இந்த எவன்ஸ் வேறு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கப்பல் கேப்டனாக இருந்தவர்.) தாத்தா காலத்து ஓப்பனிங், மியூசியத்தில் வைக்க வேண்டியது என்று பெரிய ஆட்டக்காரர்கள் ஒதுக்கிவைத்திருந்த கேம்பிட். ஆனந்த் கொடுத்த சிப்பாயை எடுத்துக்கொண்டார். 25 மூவில் ஆட்டம் முடிந்தது, ஆனந்த் தோற்றார். அதே வருஷம் பிற்பகுதியில் இருவரும் நியூயார்க்கில் உலக சாம்பியன் பட்டத்துக்கு மோத இருந்தார்கள். அந்த நேரத்தில் காஸ்பரோவ் போன்ற ஆள் மியூசியம் கதவைத் திறந்து துருப்பிடித்த வாளை எடுத்து வருகிறார் என்றால், அது சூதாட்டமா?

2010இல் ருமேனியாவில் மேக்னஸ் கார்ல்சன் சீனாவின் வாங் யூவுக்கு எதிராக கிங்ஸ் கேம்பிட்டே ஆடி ஜெயித்தார். 2024 ஏப்ரலில் டொரண்டோவில், உலக சாம்பியனோடு மோதப் போவது யார் என்று தீர்மானிக்கும் கேண்டிடேட்ஸ் போட்டி. மூன்றாவது ரவுண்டில் சென்னைப் பையன் பிரக்ஞானந்தா, விதித் குஜராத்திக்கு எதிராகக் கறுப்புக் காய் வைத்துக்கொண்டு நாலாவது மூவில் எஃப் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளினார். பார்த்துக்கொண்டிருந்தவர்கள் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். போன்களெல்லாம் கறுப்புக்கு எதிராக எண் காட்டியிருக்கும். பிரக்ஞானந்தா ஜெயித்தார்.

'சார், அவங்க பிரக்ஞானந்தா, காஸ்பரோவ். எங்க பையன் ஆறாம் கிளாஸ்.' இதைத்தான் லிஃப்ட்டில் சொன்னார்.

நல்ல கேள்வி. ஆனால் தலைகீழாகக் கேட்கிறார். பெரிய போட்டிகளில் கிங்ஸ் கேம்பிட் அபூர்வமாகத்தான் வருகிறது என்பது உண்மை. ஏன்? அங்கே எதிரே உட்கார்ந்திருப்பவர் வீட்டில் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு அதற்குரிய பதிலை இருபது மூவ் வரை மனப்பாடம் செய்துவிட்டு வந்திருப்பார். கேம்பிட்டுக்கு அங்கேதான் ஆபத்து அதிகம். ஆறாம் வகுப்பில் ஆபத்து குறைவு, கற்றுக்கொள்வது அதிகம். காயை வெளியே கொண்டுவருவது என்றால் என்ன, ஒரு மூவ் தாமதமானால் என்ன ஆகும், ராஜாவைச் சுற்றி வேலி இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதையெல்லாம் ஒரு குழந்தை இரண்டே ஆட்டத்தில் உடம்பால் தெரிந்துகொள்கிறது. சிப்பாயைக் கொடுத்தாகிவிட்டது, இனி சும்மா உட்கார்ந்திருக்க முடியாது, யோசித்தே ஆக வேண்டும்.

இன்னொரு ரகம் உண்டு, அதற்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. எட்டு மூவில் மேட் வைக்கும் பொறிகள் பத்தை மனப்பாடம் பண்ணிக்கொண்டு, விழுகிறவனிடம் ஜெயித்து, விழாதவனிடம் முழித்துக்கொண்டு நிற்கிற பிள்ளைகள். அதைச் சொல்லிக்கொடுக்கிற கோச்சுகளும் இருக்கிறார்கள். அது வேறு வியாபாரம், அதில் முதலீடே இல்லை. நம் பையன் அப்படி ஆடவில்லை. நாற்பது மூவ் போராடி, ஒரு மூவ் பிசகித் தோற்றான். பிசகிய மூவ் எது என்று அவனே சொன்னான். ஆறாம் வகுப்பில் தன் தப்பைத் தானே சொல்கிறவனை நான் இதற்கு முன் பார்த்ததில்லை. பெரியவர்களிலேயே இல்லை.

ரேட்டிங்குக்கு வருவோம். உண்மையான பயம் அங்கேதான் இருக்கிறது. மரத்தடியில் உட்கார்ந்திருந்த நாற்பது பேரும் ரேட்டிங்கைப் பற்றிப் பேசினார்களே தவிர ஆட்டத்தைப் பற்றி ஒருவர்கூடப் பேசவில்லை. வங்கியில் டெபாசிட் போட்ட மாதிரி. இறங்கவே கூடாது.

ஆனால் சர்வதேச செஸ் கூட்டமைப்பான 'ஃபிடே'யின் விதி என்ன சொல்கிறது பாருங்கள். ரேட்டிங் ஏறுவதும் இறங்குவதும் ஒரு பெருக்கல் எண்ணை வைத்து. 2400ஐத் தொட்டுவிட்ட பெரிய ஆட்டக்காரர்களுக்கு அந்த எண் 10. சாதாரணமாக மற்றவர்களுக்கு 20. பதினெட்டு வயதுக்குட்பட்ட, 2300க்குக் கீழே இருக்கும் பிள்ளைகளுக்கு? 40! தன் அளவுக்குச் சமமான ஆளிடம் தோற்றால் பெரிய ஆட்டக்காரருக்கு 5 புள்ளி போகும், பிள்ளைக்கு 20 புள்ளி போகும். ஜெயித்தால் அதே 20 வரும். டிரா என்றால் பூஜ்யம். விதி எழுதியவர்கள் முட்டாள்கள் இல்லை. பிள்ளைகள் வளர்கிறவர்கள், நாலு மாதத்தில் வேறு ஆளாக மாறிவிடுவார்கள், அவர்கள் எண் ஏறி இறங்கித்தான் ஆக வேண்டும் என்று தெரிந்தே வைத்த 40 அது. ஏறி இறங்கட்டும் என்று உலக அமைப்பே சொல்கிறது. எங்கள் ஃப்ளாட்டில் இறங்கக் கூடாது என்கிறார்கள்.

டிரா பண்ணியிருந்தால் அரை பாயிண்ட் வந்திருக்கும் என்றாரே, அந்த அரை பாயிண்ட்டுக்காக அந்தப் பையன் எப்படி ஆட வேண்டியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். எல்லாச் சிப்பாயையும் பூட்டி, எல்லாக் காயையும் மாற்றி, எதிராளி கை நீட்ட மாட்டானா என்று பதினோரு வயதில் காத்திருக்க வேண்டும். ஓய்வு பெறப் போகிற ஹெட் கிளார்க் மாதிரி. அவனுக்கு எந்தக் கம்பெனி பென்ஷன் தரப் போகிறது?

கோச்சைக் கூட நான் ஓரளவு மன்னிப்பேன். அவர் பிழைப்பு அது. ரேட்டிங் ஏறினால்தான் அடுத்த மாதம் ஃபீஸ் வரும். அவர் கிளாஸ் வாசலில் தொங்கும் பேனரில் இருக்கும் பிள்ளைகள் படத்துக்குக் கீழே எண்தான் போட்டிருக்கிறது, யார் எப்படி ஆடினார்கள் என்று போட்டிருக்கவில்லை. நாம் எண்ணைக் கேட்கிறோம், அவர் எண்ணை விற்கிறார்.

அப்பாக்கள் விஷயம் அப்படி இல்லை. என் எதிர் ஃப்ளாட்காரர் நல்ல மனிதர். பதினைந்து வருஷம் சம்பளத்துக்கு வேலை பார்த்துவிட்டு, அந்த வேலையை விட்டு, வீட்டு நகையை அடகு வைத்துச் சொந்தமாக ஒரு சின்ன அச்சகம் ஆரம்பித்தவர். முதல் இரண்டு வருஷம் நஷ்டம் என்று அவரே என்னிடம் சொல்லியிருக்கிறார். அன்றைக்கு யாராவது ஒரு போனை நீட்டி, ரெண்டாவது மூவ்லயே மைனஸ் காட்டுது என்று சொல்லியிருந்தால் அவர் என்ன பதில் சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியும். அச்சில் போட முடியாத பதிலாக இருந்திருக்கும், அச்சகக்காரராக இருந்தாலும்.

சார், இந்தப் பத்திரிகை உங்கள் வீட்டுக்கும் வருகிறது, வியாழக்கிழமை காலையில் உங்கள் கதவு இடுக்கில் பார்க்கிறேன். அதனால் நேராகவே கேட்கிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை போட்டி எதுவும் இல்லை என்று பையன் சொன்னான். சாயங்காலம் ஹாலில் பலகையை விரியுங்கள். அவனுக்கு வெள்ளைக் காயைக் கொடுங்கள், எஃப் 4 ஆடச் சொல்லுங்கள். நீங்கள் கறுப்பு. அந்தச் சிப்பாயை எடுத்துக்கொள்ளுங்கள். ஃபிஷர் எழுதிக் கொடுத்த மருந்தும் மேலே சொல்லியிருக்கிறேன், வேண்டுமானால் அதையே ஆடுங்கள். ஒரே ஒரு நிபந்தனை. போனை என் வீட்டில் கொடுத்துவிட்டுப் போக வேண்டும்.